சி.டி.ஆரைக் காசு கொடுத்து எழுதி வாங்கலாமா?

வாசகர் கேள்வி: பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. மெக்கானிக்கலில் சேர்ந்து, 2014 ஏப்ரலில் படிப்பை முடித்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி. இரண்டு அரியர் இருந்தது, பிறகு எழுதித் தேறினேன். கோவையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் 4 ஆண்டு டிசைன் வேலை. அந்தக் கம்பெனியை இப்போது மூடிவிட்டார்கள். அங்கே சம்பளத்தில் பாதி கையில்தான் தருவார்கள். 2018 முதல் 7 ஆண்டுகளாக ஷார்ஜாவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். விசாவில் மட்டும் ‘மெக்கானிக்கல் டெக்னீஷியன்’ என்று இருக்கிறது. வயது 34. மனைவி பி.காம். ஆஸ்திரேலியாவுக்கு 189 அல்லது 190 என்ற திறன் அடிப்படையிலான குடிவரவு விசாவில் போக முயல்கிறேன். அதற்குத் தேவையான தகுதி மதிப்பீட்டை என் நண்பன் சி.டி.ஆர். (தன் பொறியியல் திறனை விளக்கும் அறிக்கை) எழுதாமலே வாங்கிவிட்டான். எனக்கும் முடியுமா? இல்லையென்றால், சி.டி.ஆரை எழுதித் தர ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா? மூடிய கம்பெனி அனுபவத்தை எப்படி நிரூபிப்பது? பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் வேறு மாதிரி இருக்கிறதே, சிக்கல் வருமா?

பதில்: ஏஜென்டுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால், கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நண்பர் விஷயம்.

இன்ஜினியர்களின் தகுதியை மதிப்பிடுவது என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்பு. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்று உண்டு, வாஷிங்டன் அக்கார்ட் என்று பெயர். இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. அதில் முழு உறுப்பினரானது 2014 ஜூனில். அதுவும் என்.பி.ஏ. ‘டயர் 1’ அங்கீகாரம் தந்த படிப்புகளுக்கு மட்டுமே செல்லும். டயர் 1 என்பது பல்கலைக்கழகத் துறைகளுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரியது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும் இணைப்புக் கல்லூரிகளுக்கு டயர் 2. பட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயர் இருப்பதால் எல்லாப் பட்டமும் ஒன்றாகிவிடாது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று மூன்றையும் பார்ப்பார்கள். உங்கள் நண்பர் அந்தக் கட்டத்துக்குள் வந்திருப்பார், அதனால் சி.டி.ஆர். தேவைப்பட்டிருக்காது. நீங்கள் படிப்பை முடித்ததே இந்தியா உறுப்பினராவதற்கு முன், கல்லூரியும் இணைப்புக் கல்லூரி. ஆகவே உங்களுக்கு சி.டி.ஆர். வழிதான். இதனால் உங்கள் பட்டம் மட்டம் என்று ஆகாது. அதன் தரத்துக்கு உங்கள் வேலையைச் சாட்சியாக வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்து, எந்தத் தொழில் குறியீட்டில் விண்ணப்பிப்பது என்பது. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் மற்ற எல்லாம் இதைப் பொறுத்தே அமையும். மெக்கானிக்கல் படித்தவர்கள் யோசிக்காமல் 233512, அதாவது மெக்கானிக்கல் இன்ஜினியர் என்று போட்டுவிடுகிறார்கள். உங்கள் 7 ஆண்டு வேலை தொழிற்சாலை இயந்திரங்களின் பராமரிப்பும் மாற்றமைப்பும். அதற்கு நேராகப் பொருந்துவது 233513, புரொடக்‌ஷன் ஆர் பிளான்ட் இன்ஜினியர். அந்தக் குறியீட்டின் விளக்கத்திலேயே ஆலை இயந்திரங்களின் பராமரிப்பு வருகிறது. கோவை டிசைன் வேலை வீணாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். முதல் நான்கு எண்கள் ஒன்றாக உள்ள தொழில்களை நெருங்கிய தொடர்புடையவை என்று குடிவரவுத் துறை எடுத்துக்கொள்கிறது. 233512, 233513 இரண்டும் 2335 என்ற ஒரே தொகுப்பு. அந்த 4 ஆண்டும் கணக்கில் வர வழி இருக்கிறது.

இப்போது சி.டி.ஆர். இதில் இருப்பவை: மூன்று கேரியர் எபிசோட் (நீங்கள் செய்த ஒரு பொறியியல் வேலையைப் பற்றிய கட்டுரை), ஒரு சம்மரி ஸ்டேட்மென்ட், நீங்கள் போன பயிற்சி வகுப்புகள், கருத்தரங்குகளின் ஒரு பக்கப் பட்டியல், இவற்றோடு சி.வி. ஒவ்வொரு எபிசோடும் 1,000 முதல் 2,500 வார்த்தை. முன்னுரை 100 வார்த்தை, பின்னணி 200 முதல் 500, கடைசியில் 50 முதல் 100 வார்த்தையில் முடிவு. நடுவில் நீங்கள் செய்த பொறியியல் வேலை. உயிர் அந்த நடுப் பகுதியில்தான் இருக்கிறது. பத்திகளுக்கு 1.1, 1.2 என்று எண் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சம்மரி ஸ்டேட்மென்டில் என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா வகுத்த 16 திறன் கூறுகளுக்கும் எதிரே ‘இது இந்தப் பத்தியில்’ என்று எண்ணைக் குறிக்க வேண்டும்.

மெயின்டெனன்ஸ்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பெரிய ஷட்டவுன், நாற்பது பேர் கொண்ட குழு, ராத்திரி பகலாக வேலை, குறித்த நாளில் ஆலை ஓடியது என்று எழுதுவார்கள். படிக்க நன்றாக இருக்கும். மதிப்பீட்டாளர் தேடுவது அதில் இல்லை. நீங்கள் என்ன கணக்குப் போட்டீர்கள், ஏன் அந்த வழியைத் தேர்ந்தீர்கள், வேறு என்ன வழிகளை ஒதுக்கினீர்கள் என்பதைத்தான் அவர் தேடுகிறார். பழுது பார்த்ததும் மேற்பார்வை செய்ததும் மட்டும் தெரிந்தால், புரொஃபஷனல் இன்ஜினியர் என்பதற்குப் பதில் ஒரு படி கீழே டெக்னாலஜிஸ்ட் என்று முடிவு வரக்கூடும். நீங்கள் கேட்ட குறியீடு அத்தோடு போச்சு.

ஓர் உதாரணம். கூலிங் வாட்டர் பம்பில் மெக்கானிக்கல் சீல் சில வாரத்துக்கு ஒருமுறை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘நாங்கள் சீலை மாற்றினோம், அலைன்மென்ட் சரிபார்த்தோம், பிரச்சினை தீர்ந்தது’ என்று எழுதினால் அது ஃபிட்டரின் வேலைக் குறிப்பு. அதையே இப்படி எழுதுங்கள்: இம்பெல்லரில் குழி விழுந்திருப்பதைப் பார்த்து, கேவிட்டேஷன் (நீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைவது) என்று சந்தேகப்பட்டேன். உறிஞ்சு பக்கத்தில் கிடைக்கும் என்.பி.எஸ்.எச். மதிப்பைக் கணக்கிட்டேன்; வளிமண்டல அழுத்தத்தோடு நீர் மட்ட உயரத்தைச் சேர்த்து, குழாய் உராய்வு இழப்பையும் அந்த வெப்பநிலையில் நீரின் ஆவி அழுத்தத்தையும் கழித்தேன். பம்ப் தயாரிப்பாளரின் வளைவு கேட்கும் மதிப்பைவிட அது குறைவாக இருந்தது. பம்பைக் கீழே இறக்குவது, வேகத்தைக் குறைப்பது, உறிஞ்சு குழாயைப் பெரிதாக்குவது என மூன்று வழியை ஒப்பிட்டேன். 80 மி.மீ. குழாயை 100 மி.மீ. ஆக்கினால் அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும் என்பதால் அதைத் தேர்ந்தேன். ஆலையை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும், வெல்டிங்குக்கு யாரிடம் பெர்மிட் வாங்கினீர்கள், மாற்றிய பிறகு அதிர்வு அளவு எவ்வளவு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சம்பவம் அதே சம்பவம்தான். ஆனால் இந்த வடிவத்தில் அடிப்படை அறிவியல், கணிதம், வடிவமைப்பு, பாதுகாப்பு, திட்டமிடல் என்று பல கூறுகளுக்கு ஒரே எபிசோடில் சாட்சி கிடைக்கிறது. ‘நான்’ என்று எழுதுங்கள். ‘நாங்கள்’ என்று எழுதி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பணிவு இந்த ஆவணத்தில் உங்களை மறைத்துவிடும். குழுவில் மற்றவர் செய்ததை மற்றவர் பெயரில் எழுதி, உங்களுடையதை உங்கள் பெயரில் எழுதுவதே நேர்மை.

மூன்றில் ஒன்று கோவை டிசைன் வேலையிலிருந்து வரட்டும், இரண்டு ஷார்ஜாவிலிருந்து. பட்டப்படிப்புக் கடைசி ஆண்டு புராஜெக்டையும் எழுத அனுமதி உண்டு, உங்களுக்கு அது தேவைப்படாது. எழுதத் தொடங்கும் முன் அந்த 16 கூறுகளையும் ஒரு தாளில் எழுதி, எந்தக் கூறுக்கு எந்தச் சம்பவம் என்று நிரப்பிப் பாருங்கள். தொழில் நெறி, திட்ட மேலாண்மை ஆகிய இடங்கள் பெரும்பாலும் காலியாக நிற்கும். அதற்கேற்பச் சம்பவத்தைத் தேர்ந்தால் கடைசியில் ஒட்டுப்போட வேண்டியிருக்காது.

இனி ஏஜென்ட். சி.டி.ஆர்கள் எல்லாம் நகல் கண்டறியும் மென்பொருள் வழியாகப் போகின்றன. எழுதி விற்பவர் ஒரே பம்பையும் ஒரே கன்வேயரையும் பெயர் மாற்றிப் பலருக்கு விற்றிருப்பார். உங்களுக்கு முன் வாங்கியவரின் எபிசோட் ஏற்கெனவே அங்கே கிடக்கும். மாட்டினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், குறைந்தது 12 மாதம் மறுபடி விண்ணப்பிக்கத் தடை வரும், குடிவரவுத் துறைக்கும் தகவல் போகலாம். விசா கட்டத்தில் பொய்யான தகவல் என்று முடிவானால் 4020 என்ற விதிப்படி விசா மறுக்கப்பட்டு, 3 ஆண்டு வேறு விசாக்களுக்கும் கதவு மூடிவிடும். பணம் போனது மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. 34 வயதில் மூன்று ஆண்டு போவது பெரிய இழப்பு. ஆங்கில நடையைத் திருத்த ஒருவரை வைத்துக்கொள்வதில் தவறில்லை, உள்ளடக்கம் உங்களுடையதாக இருக்கட்டும். விசா ஆலோசனைக்கே ஒருவர் வேண்டும் என்றால், ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற ஏஜென்டுக்கு எம்.ஏ.ஆர்.என். எண் இருக்கும், அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

மூடிய கம்பெனி விஷயத்தில் முதலில் விசாவுக்கான புள்ளிக் கணக்கைப் பாருங்கள். 33 முதல் 39 வயது வரை 25 புள்ளி. இளநிலைப் பட்டத்துக்கு 15. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10, நான்கிலும் 8 எடுத்தால் 20. மனைவி நான்கிலும் 6 எடுத்தால் உங்களுக்கு 5. வெளிநாட்டு வேலை அனுபவம் 5 ஆண்டு நிரம்பினால் 10, 8 ஆண்டு நிரம்பினால் 15. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வரும் நாளுக்கு முந்தைய 10 ஆண்டுகளில் செய்த வேலையைத்தான் எண்ணுவார்கள். ஆக, 2014இல் தொடங்கிய உங்கள் முதல் ஆண்டு ஏற்கெனவே கணக்கை விட்டு நழுவிவிட்டது. மிச்சம் கோவையில் 3, ஷார்ஜாவில் 7.

ஷார்ஜாவை மட்டும் காட்டினால் 10 புள்ளி. கோவையில் ஒரே ஒரு ஆண்டை நிரூபித்தால் 8 ஆண்டாகி 15 புள்ளி. கோவைக் கம்பெனியால் உங்களுக்குக் கிடைக்கப்போவது இந்த 5 புள்ளிதான். ஷார்ஜாவில் இன்னும் ஓர் ஆண்டு அதே வேலையில் இருந்தாலும் அதே 5 புள்ளி தானாக வந்துவிடும், வயதுப் புள்ளியும் குறையாது. எனவே கோவைச் சான்றுகளைத் தேடுங்கள், கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதற்காகப் போலி லெட்டர்ஹெட் அச்சடிக்கும் யோசனையை யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள்.

தேட வேண்டியவை இவை. பி.எஃப். கணக்குக்கான உங்கள் யு.ஏ.என். எண்ணில் நுழைந்து பி.எஃப். பாஸ்புக்கும் சர்வீஸ் ஹிஸ்டரியும் எடுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த நிறுவனம் என்றால் பி.எஃப். கட்டியிருக்க வேண்டும். மாதாமாதம் கம்பெனி பெயரில் பணம் விழுந்திருப்பதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். வருமான வரித் தளத்தில் வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தைப் பாருங்கள். சம்பளம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்திருந்தால் வரி பிடித்திருக்க மாட்டார்கள், அது காலியாக இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். வங்கிக் கணக்கில் ஏறிய பாதிச் சம்பளத்தின் ஸ்டேட்மென்ட் வங்கிக் கிளையிலிருந்து முத்திரையோடு வாங்குங்கள். கையில் வாங்கிய பாதிக்குச் சான்று இல்லை, அதைக் குறிப்பிட்டு விளக்கம் எழுதவும் வேண்டாம். வங்கியில் வந்த தொகையை மட்டும் சொல்லுங்கள். சம்பள ஸ்லிப் கம்பெனியே தருவது என்பதால் தனியாக நின்றால் அதற்கு எடை குறைவு. பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பெயரைத் தேடினால் தொடங்கிய தேதியும் இப்போதைய நிலையும் கிடைக்கும். கம்பெனி இருந்தது, பிறகு மூடியது என்பதற்கு அதுவே ஆதாரம். பழைய மேலாளர் இருக்கிறார் என்றால், அவர் பதவி, நீங்கள் செய்த வேலை, சேர்ந்த தேதி, விலகிய தேதி, தன் தொலைபேசி எண் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வாங்கி, அவர் அங்கே வேலை செய்ததற்கான ஓர் ஆவணத்தையும் இணையுங்கள்.

ஷார்ஜா வேலையில் சிக்கல் விசாவில் உள்ள ‘டெக்னீஷியன்’ என்ற சொல். பட்டச் சான்றிதழ் அட்டெஸ்டேஷன் முடியாததால் கம்பெனிகள் கிடைத்த பதவியில் விசா எடுப்பது வளைகுடாவில் சாதாரணம். ஆனால் அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, வரி ஆவணம் என்று ஒன்று கிடையாது. ஆகவே லேபர் கான்ட்ராக்ட், விசா, டபிள்யு.பி.எஸ். என்ற அரசின் சம்பளப் பட்டுவாடா முறை வழி சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவைதான் மூன்றாம் தரப்புச் சான்றுகள். அதிலேயே பதவி வேறாக இருந்தால் மதிப்பீட்டாளர் கேள்வி கேட்கத்தான் செய்வார். அவர் கேட்கும் வரை காத்திராமல், கம்பெனிக் கடிதத்திலேயே ‘விசாவில் உள்ள பதவி நிர்வாகக் காரணத்தால் பதியப்பட்டது, இவர் இந்தத் தேதி முதல் வகிப்பது மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் பதவி’ என்று ஒரு வரி வரச் செய்யுங்கள். அது உண்மையாக இருக்கிறது, கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆஃபர் லெட்டர், ஆண்டு அப்ரைசல், உங்கள் பெயர் உள்ள ஆர்கனைசேஷன் சார்ட் ஆகியவற்றைப் பின்னால் வையுங்கள். பட்டத்தை இப்போதே அட்டெஸ்ட் செய்து, அடுத்த விசா புதுப்பிப்பில் பதவியை மாற்றக் கேளுங்கள். பழைய ஆண்டுகளை அது திருத்தாது, வரும் ஆண்டுகளுக்கு உதவும்.

எச்.ஆர். கொடுக்கும் நான்கு வரி அனுபவச் சான்றிதழ் போதாது. லெட்டர்ஹெட், முழுநேர வேலை என்ற குறிப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தேதிகள், செய்த பணிகள், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, நேரடித் தொடர்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணிகளை நீங்களே ஒரு வரைவாக எழுதிக் கொடுங்கள், ஆனால் தொழில் குறியீட்டு விளக்கத்தை வரிக்கு வரி நகலெடுக்காதீர்கள். அதைத் தினமும் படிப்பவர்கள்தான் இதையும் படிக்கப்போகிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பட்டத்தை ஏற்றுத் தரும் மதிப்பீடு வேறு, வேலை அனுபவத்தை ஆண்டுக் கணக்கில் உறுதி செய்யும் மதிப்பீடு வேறு. இரண்டாவதற்குத் தனிக் கட்டணம், கட்டாயமும் இல்லை. உங்கள் விஷயத்தில் அதை வாங்கியே ஆக வேண்டும் என்பேன். வாங்காவிட்டால் நீங்கள் சொன்ன ஆண்டுகளைக் குடிவரவு அதிகாரி விசாக் கட்டத்தில்தான் முதல்முறை ஆராய்வார். அப்போது 5 புள்ளி குறைந்து, அழைப்பு வந்த புள்ளிக்குக் கீழே போனால் விசா மறுக்கப்படும். 4,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டிய கட்டணமும் திரும்பாது.

பெயர்ச் சிக்கல் தமிழர்களுக்கே உரியது. சான்றிதழில் ‘எஸ். முத்துக்குமார்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து ‘முத்துக்குமார் சுப்பிரமணியன்’. இனிஷியல் என்ற வழக்கமே தெரியாதவருக்கு இவர்கள் இரண்டு பேர். இருவரும் ஒருவரே என்று ஆங்கிலத்தில் நோட்டரி அஃபிடவிட் எடுத்து, இரண்டு வடிவப் பெயரையும் அதில் எழுத்துப் பிசகாமல் குறிப்பிட்டு, அப்பா பெயர் உள்ள பாஸ்போர்ட் பக்கத்தையும் பள்ளி ஆவணத்தையும் கூட வையுங்கள். ஷார்ஜாக் கடிதமும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரட்டும்.

லேட்டரல் என்ட்ரி என்பதால் உங்கள் மதிப்பெண் பட்டியல் மூன்றாம் செமஸ்டரில் தொடங்கும். முதலாண்டு எங்கே என்று கேட்பார்கள். டிப்ளமோ சான்றிதழையும் அதன் மதிப்பெண் பட்டியல்களையும் முதலிலேயே ஏற்றிவிடுங்கள். புரொவிஷனல் சான்றிதழை நம்பி இருக்க வேண்டாம், பட்டமளிப்புக்குப் பின் தரும் பட்டச் சான்றிதழ் வேண்டும். அரியர் ஒரு பொருட்டே இல்லை. எல்லாவற்றையும் ஒரிஜினலிலிருந்து கலரில் ஸ்கேன் செய்யுங்கள், ஜெராக்ஸை ஸ்கேன் செய்து அனுப்பினால் திருப்பிக் கேட்பார்கள். சி.வி. மூன்று பக்கத்துக்குள் அடங்கட்டும். வேலை இல்லாமல் இருந்த மாதங்களையும் அதில் மறைக்காமல் காட்டுங்கள்.

ஆங்கிலத் தேர்வு எழுதும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு நான்கு பிரிவிலும் 6 போதும், ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் தேர்வு 2 ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். விசாவுக்கு 3 ஆண்டு வரை செல்லும். 7 எடுக்கும் அளவுக்குத் தயாரான பிறகே தேர்வுக்குப் போனால் ஒரே மதிப்பெண்ணை இரண்டுக்கும் பயன்படுத்தலாம். மதிப்பீட்டு முடிவு வந்த பிறகே ஆஸ்திரேலிய அரசின் ஸ்கில்செலக்ட் தளத்தில் இ.ஓ.ஐ. (விசாவுக்கான விருப்பப் பதிவு) போடுங்கள்; அழைப்பு வரும் நாளில் முடிவு கையில் இருந்தாக வேண்டும், அழைப்புக்குப் பின் விண்ணப்பிக்க 60 நாள்தான் தருவார்கள். மதிப்பீடு குடிவரவுக்கு 3 ஆண்டு செல்லும், இ.ஓ.ஐ. 2 ஆண்டு உயிரோடு இருக்கும். 189க்கு 65 புள்ளி தொடக்கத் தகுதிதான், அழைப்பு அதைவிட மேலே உள்ளவர்களுக்கே முதலில் போகும். ஆகவே 190க்கும் சேர்த்துப் பதியுங்கள், மாநில நியமனம் கிடைத்தால் 5 புள்ளி கூடும். பிராந்தியப் பகுதியில் சில ஆண்டு இருக்கச் சம்மதம் என்றால் 491 என்ற விசாவுக்கு 15 கூடும். உங்கள் கணக்குக்கு அதையும் ஒதுக்கிவிட வேண்டாம்.